வேலமரம் பிளக்கும் கை

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் வெள்வேலமரம் மாட்டுக்கு நிழல், ஆட்டுக்கு நெற்று. 2016-17 வறட்சி மாதிரி மழை பொய்த்த வருசங்களில் கிளுவை வேலிக்குள் அது பட்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனாலும் விறகென்று வந்தால் நின்றபடியே காய்ந்த மரத்துக்கு ஈடில்லை.

திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லருக்கு நீராவிதான் கணக்கு. விறகு லாரி லாரியாக உள்ளே போகும். ஆனால் வீட்டு அடுப்புக்குப் பிளப்பதில்தான் கை தெரியும். துண்டை நிறுத்தியதும் ஓங்கிவிடக் கூடாது. வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும்: வெளிறிய வெளிமரத்தில் வண்டு துளைத்த மாவு, உள்ளே செங்கல் நிறத்தில் வைரம், நடுவிலிருந்து ஓடும் வெடிப்பு. அந்த வெடிப்பின் மேலேயே கோடாலி இறங்கினால் துண்டு ‘டக்’கென்று இரண்டாகும். கணுவில் இறங்கினால் கோடாலி மாட்டிக்கொள்ளும். பிறகு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்தான். பெருத்த அடிமரத்தை நடுவில் அடிப்பது வீண்வேலை. ஓரத்திலிருந்து சிறாய் சிறாயாகக் கழற்றிக்கொண்டே உள்ளே போக வேண்டும். தோள்பலத்தைவிட இந்தப் பொறுமைக்கே நான் மதிப்பெண் போடுவேன்.

கவைத் துண்டோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். அது வெந்நீர் அடுப்புக்கு முழுசாகவே போகட்டும்.