கும்கியும் கொஞ்சம் சிரிப்பும்

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தில் தொப்பியை, அந்த மந்தர நாதத்துப் பக்கத்தை, கேட்டவர்களுக்கு நான் சொல்லவருவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மற்றவர்கள் நாலு சொல்லை நிரப்புகிற இடத்தில் அவர் தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் ஒரே ஒரு கும்கியை விட்டுவிட்டு, பாட்டை அதன்மேல் மிதந்துபோக விடுவார். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவியில் கணக்கு எவ்வளவு முறுக்கிக்கொண்டு போனாலும் அந்தக் கும்கிக்கு மட்டும் அவசரமே கிடையாது. நான் பதிவுகளில் கேட்டு வளர்ந்தவன்தான். தேய்ந்த ஒலிநாடாவிலும் அது மங்கவில்லை.

பாலக்காடு மணி ஐயரின் பக்தர்கள் இதற்கு ஒப்ப மாட்டார்கள். ஒப்பவேண்டாம். மணி ஐயர் கீர்த்தனையோடு கூடவே பாடிக்கொண்டு போவதுபோல வாசிப்பதைக் கேட்டு வாயடைத்துப்போனவன்தான் நானும். ஆனால் கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தபின் காதில் எது தங்குகிறது என்று கேட்டால், என் ஓட்டு பழனிக்குத்தான். மிருதங்கத்துக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது 1966-ல் மணி ஐயர் மூலம் வந்தது. பழனி 1962-லேயே போய்விட்டார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இந்தக் கும்கியைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதுதான் என் தொழிலின் சங்கடம். ‘தத் தித் தொம் நம்’ சொல்லிக்கொடுக்கலாம், கோர்வை சொல்லிக்கொடுக்கலாம். விரல் விழுந்த கையோடு உள்ளங்கையின் அடிப்பகுதி எங்கே அழுத்தவேண்டும், எப்போது நகரவேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டலாம். காட்டியவுடன் பையன் கை விறைத்துக்கொள்ளும். விறைத்த கையில் கும்கி வராது. அதட்டினால் தோளும் சேர்ந்து விறைக்கும். அது தளர்வதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழி, அந்தப் பிள்ளை எதற்காவது சிரிக்கவேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரி.

சிரிப்புக்குப் பஞ்சமில்லை. தொப்பிக்கு ரவை பிசையும்போதே ஆரம்பித்துவிடும். “சார், உப்புமாவுக்கு உப்பு போட்டாச்சா?” என்பது தலைமுறை தலைமுறையாக என் வகுப்பில் கைமாறி வருகிற நகைச்சுவை. ஒவ்வொரு பிள்ளையும் தானே கண்டுபிடித்ததாக நினைத்துச் சொல்லும். நானும் முதல்தடவை கேட்பவன் மாதிரி சிரிப்பேன். உண்மையில் சிரிப்பு வந்தும்விடுகிறது.

சாயங்கால வகுப்பு என்பதால் எல்லாருக்கும் பசி. அதில் பிறந்ததுதான் எங்கள் வகுப்பின் தனிச் சொற்கட்டு. கண்டத்துக்கு ‘தக தகிட’ என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, திருநெல்வேலிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி ‘பசி எடுக்கு’ என்று கையைத் தட்டினாள். அஞ்சு எழுத்தும் அச்சாக விழுந்தது. அடுத்த வாரம் ஏழெழுத்து மிச்ரத்துக்கு ‘எனக்கு வடை கொடு’ வந்தது. சங்கீர்ணம்தான் மகுடம்: ‘வரவர பசி எடுக்கு’. ஒன்பதில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் அன்றோடு தடுமாறவில்லை. சொற்கட்டு தெய்வீகமானது, அதில் வடையைக் கொண்டுவரலாமா என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். லயம் பிள்ளையின் உடம்புக்குள் போய் உட்கார்ந்தால் போதும், எந்த வாசல் வழியாகப் போனால் என்ன?

இடக்கைப் பையன் ஒருவன் வந்தான். வரிசையில் அவன் மிருதங்கம் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்திலிருப்பவனின் முழங்கையோடு அவன் முழங்கை மோதும். மற்றவர்கள் அவனைக் ‘கண்ணாடி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் அவர்களை உட்காரவைத்து, இடக்கைக்காரரான பழனியின் கதையைச் சொன்னேன். இடக்கைக்காரர் வந்தால் மேடையில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறி உட்காரவேண்டும், அதற்கு ஒப்பாதவர்கள் இருந்தார்கள், செம்பை வைத்தியநாத பாகவதர்தான் விடாமல் அவரைக் கூட வைத்துக்கொண்டு பாடினார் என்றெல்லாம். கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வகுப்புக்கு நான் உள்ளே நுழைந்தால், அத்தனை பேரும் மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! நடுவில் அந்தப் பையன், காது வரைக்கும் சிரிப்பு. “சார், இன்னைக்கு நாங்க எல்லாரும் பழனி. நீங்களும் திருப்புங்க.” திருப்பினேன். என் வலது கையில் பிறந்த கும்கி, படுத்துக்கிடக்கிற எருமையை எழுப்பின சத்தம் மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் எடுத்தது. அந்த அமளி அடங்குவதற்குள் அந்தப் பையன் தன் போக்கில் ஒரு கும்கி போட்டான். சுத்தமான கும்கி. அதுவரை அவனுக்கு அது வந்ததே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் அடைக்கவில்லை.

இப்போது வகுப்புகள் அமைதியாக நடக்கின்றன என்கிறார்கள், பெருமையாக. கைபேசியில் பாடம் எடுத்துப் பார்த்தேன். நான் போடும் தாளம் அங்கே போய்ச் சேருவதற்குள் அந்தப் பிள்ளை அடுத்த அட்சரத்துக்குப் போயிருக்கும். சேர்ந்து வாசிக்கவும் முடியாது, சேர்ந்து சிரிக்கவும் முடியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் ஒலியை அணைத்துவைக்கவேண்டுமாம். தேர்வுக்குத் தயார் செய்கிற பெற்றோர்கள் பாடத்திட்டத்தை அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். அதில் கும்கிக்கு மதிப்பெண் இல்லை. ரவைக்குப் பதிலாக ஒட்டியே வைத்துக்கொள்ளும் பசையும் வந்துவிட்டது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து யார் உப்புமா நகைச்சுவை சொல்லமுடியும்?

போன மார்கழியில் பிள்ளைகளைச் சென்னைக்கு ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். தனி ஆவர்த்தனம் கண்ட நடைக்கு மாறியதும் என் வரிசை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. பசி எடுக்கு, பசி எடுக்கு. தாளம் ஒரு இம்மி பிசகவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பினார், கை மட்டும் தொடையில் தாளத்தை விடவில்லை. “கேண்டீன் பின்னாடி இருக்கு, தனி முடிஞ்சதும் போங்கோ” என்று சொல்லிவிட்டு, சமத்துக்குச் சரியாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.