இன்னைக்கும் வரோணுங்களா?

எல்.கே.ஜி. எடுக்கிறேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகத்தில் அனுதாபம் வந்துவிடும். "ஐயோ, சின்னப் பிள்ளைங்களா? எப்படித்தான் சமாளிக்கறீங்களோ!" என்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ஜூன் மாதம் எங்கள் வகுப்பறைக்குள் நடக்கிற கூத்து வெளியே தெரிந்தால் என் வேலைக்குப் போட்டி வந்துவிடுமே! பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்க வைக்கிற ஆசிரியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் யாரும் வேலை நேரத்தில் இப்படி வயிறு வலிக்கச் சிரித்திருக்க மாட்டார்கள் என்று பந்தயமே கட்டுவேன்.

எங்களுக்குப் பொள்ளாச்சி. பள்ளி திறக்கிற சமயத்தில் சாரலும் தொடங்கிவிடும். மூன்று வயதைத் தாண்டிய பிஞ்சுகள் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ரெயின்கோட்டில் வரும். கழுத்தில் தண்ணி பாட்டில், சட்டையில் ஊக்கு குத்திய கைக்குட்டை. பின்னாலேயே அம்மா, அப்பா, அப்புச்சி, அம்மாயி என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல ஒரு பட்டாளம். ஒருவர் அழ ஆரம்பித்தால் வகுப்பே அழும். காரணம் தெரியாமல் அழுகிற பிள்ளைகள்தான் அதிலும் அழகு! ஒரு பையன் பக்கத்தில் இருந்தவளின் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, அவள் எப்படி அழுகிறாளோ அதே சுருதியில் எடுத்தான். ஆயாம்மா அவன் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தார். அழுகை நின்றது. நிதானமாக, பொடிகூட விடாமல் தின்று முடித்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினான். இதற்கெல்லாம் டிக்கெட் வைக்கலாம்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே வருகிற பிள்ளையை மட்டும் நம்பவே கூடாது. அப்படி ஒருவன் வந்தான். அம்மாவுக்கு டாட்டா காட்டினான், எல்லா பொம்மையையும் தொட்டுப் பார்த்தான், மற்றவர்கள் அழுவதைப் பார்த்து எனக்கே ஆறுதல் சொன்னான். மறுநாள் காலையில் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. "மிஸ்ஸுங்க, நேத்துத்தான் வந்துட்டுப் போயிட்டனுங்களே. இன்னைக்கும் வரோணுங்களா?" என்றான். ஆமாம் கண்ணு என்றேன். "நாளைக்குங்களா?" நாளைக்கும்தான். "அப்பறமுங்க?" பிளஸ் டூ வரைக்கும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்குள் அவனே ஏதோ கணக்குப் போட்டுவிட்டான் போல. அதுவரை அந்த வருடத்தில் யாரும் எடுக்காத உச்சஸ்தாயியில் ஆரம்பித்தது பாருங்கள் கச்சேரி!

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மரியாதை இருக்கிறதே, அதற்காகவே கோயமுத்தூர் ஜில்லாவில் எல்.கே.ஜி. எடுக்க வேண்டும். "மிஸ்ஸுங், இவுரு என்னையக் கடிச்சுப்போட்டாருங்க" என்று பல் பதிந்த கையை நீட்டுவார்கள். கடித்தவரும் விடமாட்டார்: "அவுருதானுங்க மொதல்ல கிள்ளுனாருங்க." பஞ்சாயத்தில் இரண்டு பெரிய மனிதர்களை உட்கார வைத்த மாதிரி இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

வருகைப் பதிவேடு இன்னொரு வேடிக்கை. ரிஜிஸ்டரில் இருக்கிற நீளமான பெயர் தன்னுடையது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டில் பாப்பு, குட்டி, தங்கம் என்று கூப்பிட்டே வளர்ந்தவர்கள். யார் பெயரை வாசித்தாலும் வகுப்பே "பிரசெண்ட் மிஸ்" என்று கத்தும். அன்றைக்கு வராத பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

விஜயதசமிக்கே பச்சரிசித் தட்டில் 'அ' எழுதிப் பழகியாச்சு என்று பெருமையாகச் சொல்கிற அம்மாக்கள் உண்டு. சரி என்று தட்டில் அரிசியைப் பரப்பி வைத்தால் பிள்ளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும்.

அரிசிக் கதை இப்படி என்றால் தண்ணீர்க் கதை வேறு. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது அவருடைய முறையில் ஒரு முக்கியமான பயிற்சி. கைக்கு நிதானம் வரும், கவனம் குவியும். எங்கள் வகுப்பில் ஒரு சின்னப் பெண் நாக்கை ஓரமாக நீட்டி, மூச்சைப் பிடித்து, அதை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தாள். எனக்கு ஒரே பூரிப்பு. பிறகு அதே நிதானத்தோடு திரும்பி, பக்கத்துப் பையன் கழற்றி வைத்திருந்த ஷூவுக்குள் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

நான் மட்டும்தான் இப்படிப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியபோது என் தோழி ஒருத்தி அங்கே மாற்றலானாள். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள். முதல் நாள் ராத்திரி போன் பண்ணி, "ஒருத்தன் என் மடியிலயே ஒண்ணுக்குப் போயிட்டான்டி" என்று பொரிந்து தள்ளினாள். கொஞ்ச நாளில் போனின் ராகமே மாறிவிட்டது: "இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" அவளுக்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். இரண்டு பேர் வீட்டிலும் அடுப்பில் குழம்பு சுண்டிப்போனதுதான் மிச்சம்.

இந்தப் பிள்ளைகளின் கணக்குப்படி மிஸ்ஸுக்கு வீடு கிடையாது. ராத்திரி வகுப்பறைப் பாயிலேயே படுத்துக்கொள்வார், ஆயாம்மா வெளியே பூட்டிவிட்டுப் போவார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஓர் அலறல்:

"அம்மா! இங்க பாருங்க! மிஸ்ஸ வெளிய உட்டுட்டாங்க!"

தக்காளிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.