ஆலாத்தித் தட்டில் ரெண்டு பக்கமும் அம்பு

ஒரு எலுமிச்சம்பழம் என்னைக் கோட்டிக்காரனாக்கியது. சிரிக்காதீங்க, முழுக்கக் கேளுங்க.

கல்லிடைக்குறிச்சியில் சித்தி மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிறார்கள், நாயனம் காதைப் பிளக்கிறது, வாசலில் மதினி பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து வைத்துவிட்டு, வெற்றிலைச் செல்லத்திலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை வழித்து அதில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். மஞ்சள் குபீரென்று சிவந்தது! ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு வரவேற்பு மேஜையில் கும்பாரமாக எலுமிச்சம்பழம் குவிந்து கிடந்தது, கை சும்மா இருக்குமா, ஒன்றை நறுக்கிப் பிழிந்தேன். சிவப்பு போய் மறுபடியும் மஞ்சள்! ஐயோ! திரும்பச் சுண்ணாம்பு, சிவப்பு. திரும்ப எலுமிச்சை, மஞ்சள். நாலு தடவை. நாற்பத்தாறு வயதில், பட்டு வேட்டியில், முழங்கை வரை சாறு வழிய நின்று, "திரும்புது! திரும்புது!" என்று கத்தினேன். சித்தி வந்தாள். "ஏலே, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? மாப்பிள்ளை வாசல்ல நிக்காரு!"

நிற்கட்டும். என் கண்முன்னே நடந்தது மீள்வினை அல்லவா! பன்னிரண்டாம் வகுப்பில் எதிரெதிராக ரெண்டு அரை அம்பு போட்டு வாத்தியார் எழுதியபோது, அதை அச்சுப்பிழை என்று நினைத்தவன் நான். அந்த அம்பு இந்தத் தட்டுக்குள் உயிரோடு இருந்தது. மஞ்சளில் இருக்கும் குர்குமினிடமிருந்து சுண்ணாம்பு ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்குகிறது, சிவப்பு; எலுமிச்சையின் அமிலம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது, மஞ்சள். கொடுக்கல் வாங்கல், அவ்வளவே. ரொம்ப நேரம் சுண்ணாம்பிலேயே கிடந்தால் குர்குமின் சிதைந்து நிறம் மங்கத்தான் செய்யும், முழுசாகத் திரும்பாது. அதனால் என்ன? தேருக்கும்தான் வடம் அறுகிறது, தேரோட்டம் வேண்டாம் என்றா சொல்கிறோம்?

அதற்கு முந்தின ராத்திரியே எனக்கு ஒரு முன்னோட்டம் கிடைத்திருந்தது, அப்போது புரியவில்லை. கோட்டையடுப்பில் அல்வா. சம்பாக் கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பிழிந்த பால், சீனி, நெய். தவசுப்பிள்ளை அண்ணாச்சி துடுப்புப் போட்டுக் கிண்டுகிறார், கிண்டுகிறார், ஒரு மணி நேரமாகியும் வெளிறிப்போய்த்தான் கிடக்கிறது. "இன்னும் நேரம் இருக்கா அண்ணாச்சி?" "தண்ணி வத்தட்டும் தம்பி. அதுக்குப் பொறவு பாருங்க, ஓட்டமா ஓடும்." ஓடியது! தண்ணீர் இருக்கிற வரைக்கும் கொதியல் நூறு டிகிரிக்கு மேல் அதிகம் ஏறாது; எரித்த விறகெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவு. தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென்று ஏறும், பத்து டிகிரி கூடினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும், அதனால் ஒரு மணி நேரம் வராத நிறம் கடைசிக் கொஞ்ச நேரத்தில் பொன்னாகி, தேனாகி, சிவந்து, ஓரத்தில் நெய்யைக் கக்குகிறது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி அடுப்பிலிருந்து விறகை இழுத்தார் பாருங்க, எந்தப் பதற்றமும் இல்லாமல்! சூட்டுக்கும் வினைவேகத்துக்கும் உள்ள கணக்கை அர்ரீனியஸ் 1889-ல் எழுதினார். அண்ணாச்சி அதைக் கட்டையை இழுத்துக் காட்டினார். ருசிக்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு, "ஆத்துத் தண்ணி" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை, வாய் நிறைய அல்வா.

கல்யாணம் முடிந்து திரும்பும்போதும் தலைக்குள் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி. கொக்கிரகுளத்தில் சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, நல்ல நெரிசல். அங்கேதான் ரெண்டாவது கோட்டி பிடித்தது. யோசித்துப் பாருங்க: பாலத்துக்கு இந்தக் கரையில் பாளையங்கோட்டை, அந்தக் கரையில் திருநெல்வேலி. இங்கேயிருந்து நிமிஷத்துக்கு ஐம்பது பேர் போகிறார்கள், அங்கேயிருந்து ஐம்பது பேர் வருகிறார்கள். ரெண்டு ஊரிலும் தலைக்கணக்கு மாறவே மாறாது, ஆனால் பாலத்தில் ஒருத்தன் சும்மா நிற்கிறானா? அதுதான் வேதிச் சமநிலை! எல்லாம் முடிந்து அடங்கிய நிலை என்று இத்தனை வருஷமும் தப்பாகவே நினைத்திருந்தேன். போகிற வேகமும் வருகிற வேகமும் சமமாகிவிட்டதால், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காதது போல் தோன்றுகிறது. ஒரு கரையில் கூட்டம் கூடினால் அங்கேயிருந்து புறப்படுகிறவர்களும் கூடுவார்கள், இதைத்தான் நார்வேக்காரர்களான குல்பெர்க்கும் வாகேயும் 1864-ல் சொன்னார்கள். அவர்கள் சொல்வதற்கு 21 வருஷம் முன்னாலேயே, 1843-ல், முதலியார் தன் சொந்தக் காசைப் போட்டு எனக்காக உதாரணத்தைக் கட்டி வைத்துவிட்டார்! பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேனா? சுண்ணாம்பு எங்கேயிருந்து வருகிறது என்று தேடிப் போய் ஒரு காளவாசல் வாசலில் நின்றேன். கல்லும் கரியுமாக அடுக்கு அடுக்காக, உச்சியில் காற்று நடுங்குகிறது, முகத்தில் அனல் அறைகிறது. நினைத்துப் பாருங்க, 100 கிலோ சுண்ணாம்புக்கல் உள்ளே போனால் 56 கிலோ சுண்ணாம்புதான் வெளியே வரும், மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும்! இதுவும் மீள்வினைதான். மூடிய பாத்திரத்துக்குள் சுட்டால் அந்த வாயு உள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு சுண்ணாம்பை மறுபடி கல்லாக்கும், ஒரு கட்டத்தில் சமநிலை வந்து வேலை நின்றுவிடும். காளவாசல் வாய் திறந்திருக்கிறது, 900 டிகிரிச் சூட்டில் வாயு வெளியே ஓட ஓட, விட்ட இடத்தை நிரப்ப வினையும் முன்னாலேயே ஓடுகிறது. லீ சாட்லியர் 1884-ல் எழுதிய தத்துவம் இதுதான், அந்த மனிதர் சிமெண்ட் இறுகுவதையே ஆராய்ந்தவர் என்று படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டேன், ஏனென்றால் அவர் பிடித்த அதே சூளைச் சங்கதியை நம்பித்தான் 1949-ல் நம் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை ஓட ஆரம்பித்தது, அதைத் தொடங்கிய சங்கரலிங்க ஐயர் யார் ஊர்? கல்லிடைக்குறிச்சி! ஆலாத்தித் தட்டு சிவந்த அதே கல்லிடைக்குறிச்சி! இன்னும் இருக்கிறது, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ வாங்கி வந்து வாளியில் போட்டு நீத்தினேன், தண்ணீர் தெளித்ததும் முதலில் ஒன்றுமில்லை, பிறகு 'சுர்' என்று ஒரு சத்தம், கல் வெடித்துப் பூவாக விரிகிறது, அடுப்பில்லாமல் தீயில்லாமல் வாளி தளதளவென்று கொதிக்கிறது, அந்தச் சூடு மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும், காளவாசலில் விறகும் கரியும் கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கு என் வாளியில் திரும்பி வந்துகொண்டிருந்தது, நான் குனிந்து பார்த்தேன், ஒரு துளி தெறித்துப் புருவத்தில் பட்டது (கண்ணில் பட்டிருந்தால் பார்வையே போயிருக்கும், நீங்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்க), எரிச்சலோடு குழாயடிக்கு ஓடும்போதும் சிரித்துக்கொண்டே ஓடினேன்! அந்தச் சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகும். காளவாசலில் ஒரு நாளில் பிரிந்தது, சுவரில் மாசக்கணக்கில் கூடுகிறது.

இனி என்னைப் பிடிக்க முடியுமா? அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடும் ஆறு போகிற வழியே தூத்துக்குடி வரைக்கும் மனசு போய்விட்டது. அங்கே ஸ்பிக் ஆலையில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அம்மோனியாவாக்குகிறார்கள். அதுவும் ரெண்டு பக்க அம்புதான், குளிர்வித்தால் அம்மோனியா கூடும் ஆனால் வேகம் செத்துவிடும், சூடேற்றினால் வேகம் வரும் ஆனால் அம்மோனியா உடையும், நடுவில் இரும்பு வினையூக்கியையும் பேரழுத்தத்தையும் வைத்துச் சமாளிக்கிற வித்தை! பக்கத்திலேயே டியூட்டிகோரின் ஆல்கலி ஆலை, 2016-ல் தன் கொதிகலன் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்கத் தொடங்கியது, ஆண்டுக்கு 60,000 டன் என்று திட்டம். பிடிக்கிற திரவம் ஆறியிருக்கும்போது வாயுவைக் கவ்வும், சூடாக்கினால் விட்டுவிடும். என் எலுமிச்சம்பழ விளையாட்டை ஆலை அளவில் ஆடுகிறார்கள்!

சித்தியின் அடுத்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, என் மனைவியிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்: "எலுமிச்சம்பழத்த எல்லாம் எண்ணித்தான் வைக்கப் போறேன், அவன் கிட்ட சொல்லிரு."