ஆபரேட்டர் அறையின் கலை

இடிக்கப்பட்ட தியேட்டர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை தரை டிக்கெட்டையும் இடைவேளை முறுக்கையும் காட்சிக்கு முன் ஒலிபெருக்கியில் ஒலித்த சீர்காழி கோவிந்தராஜனின் குரலையும் நினைவுகூர்வதோடு நின்றுவிடுகின்றன. படம் பார்த்தவர்களின் நினைவு இவ்வாறு ஏராளமாகப் பதிவாகியிருக்க, படத்தைக் காட்டியவரின் கைத்திறன் அநேகமாகப் பதிவாகவே இல்லை. அவரைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய படைப்பு, விருதுநகரில் பிறந்த வசந்தபாலன் இயக்கி, ஷங்கரின் தயாரிப்பில் 2006 டிசம்பரில் வெளிவந்த ‘வெயில்’.

பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் படம் பார்த்ததற்காகத் தந்தையால் சுடுவெயிலில் தண்டிக்கப்படும் சிறுவன் முருகேசன், வீட்டைவிட்டு ஓடி, தியேட்டர் ஒன்றில் அடைக்கலம் புகுந்து, அங்கேயே ஆபரேட்டராக, அதாவது படம் காட்டும் இயந்திரத்தை இயக்குபவனாக வளர்கிறான். காதலியையும் தியேட்டரையும் இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பும் முருகேசனாகப் பசுபதி நடித்த இப்படத்தை, ஜுசெப்பே தொர்னத்தோரேயின் ‘சினிமா பாரடைசோ’ (1988) என்ற இத்தாலியப் படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அங்கே பேரும் புகழும் பெற்ற இயக்குநர் ஒருவர் ஊர் திரும்பித் தம் பால்யத்தின் தியேட்டர் இடிபடுவதைப் பார்க்கிறார். இங்கேயோ தியேட்டர் போனால் தங்குமிடமும் சோறும் சேர்ந்தே போய்விடுகிற ஒருவன் தெருவுக்கு வருகிறான். பிழைப்பின் கண்கொண்டு பார்த்ததால்தான் ‘வெயில்’ வெறும் ஏக்கப் படமாகிவிடாமல் தப்பியது எனலாம்.

ஆபரேட்டரின் வேலை வெளிச்சத்தில் தொடங்கியது. செனான் விளக்குகள் வருவதற்கு முன், செம்புப் பூச்சிட்ட இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளை மின்சாரம் பாயத் தொட்டுவிட்டுச் சற்றே பிரித்தால் இடைவெளியில் எழும் ‘ஆர்க்’ எனும் மின்வில்லே திரையின் ஒளியாயிற்று. எரிய எரியக் குச்சிகள் குறைந்து இடைவெளி அகன்றுவிடும் என்பதால், கருங்கண்ணாடி வழியே கண் கூசாமல் அதைக் கவனித்து, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சமன்செய்துகொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் கதாநாயகியின் முகம் மங்கிப் பழுப்பேறும், கீழே இருந்து விசில் பறக்கும்.

இதனினும் நுட்பமானது ‘சேஞ்ச் ஓவர்’, அதாவது ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்குப் படத்தை மாற்றுதல். 2000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடமே ஓடுமாதலால், இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழு சுருள்கள் தேவைப்பட்டன. சுருள் முடிய எட்டு விநாடி இருக்கையில் திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும். அப்போது இரண்டாம் இயந்திரத்தின் மோட்டாரை ஓடவிட்டு, முடியும் தறுவாயில் தோன்றும் அடுத்த வட்டத்தில் ஒன்றின் மூடியை அடைத்து மற்றதைத் திறப்பார் ஆபரேட்டர். காட்சி அறுபடாமல் தொடர்ந்துவிட்டால், கீழே அமர்ந்திருக்கும் யாரும் அப்படியொன்று நடந்ததை அறியப் போவதில்லை. பாராட்டே கிடைக்காத வகையில் செய்தால்தான் செம்மையாகச் செய்ததாகும் என்ற விந்தை இக்கலைக்கு உண்டு. ஒற்றை இயந்திரம் மட்டுமே இருந்த டூரிங் டாக்கீஸ்களில், அதாவது தற்காலிகக் கூடாரக் கொட்டகைகளில், சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளைதான். வியாபாரிகளுக்கு அது யோகம்.

வசந்தபாலனின் விருதுநகரை அடுத்துள்ள, தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாகிவிட்ட சிவகாசி வட்டாரத்துக்கும் தியேட்டருக்கும் உள்ள உறவு, அங்கு அச்சாகிப் பிற ஊர்ச் சுவர்களை அடைந்த சினிமா போஸ்டர்களோடு முடிவதில்லை. 1950களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் படச்சுருள், வெடிபஞ்சு என்னும் வெடிமருந்தின் நெருங்கிய உறவான நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. பற்றிக்கொண்டால் வெளிக்காற்று இல்லாமலும் எரியக்கூடியது. ‘சினிமா பாரடைசோ’வின் ஆபரேட்டர் கண்களை இழப்பதும் அந்தத் தீயில்தான். ஆகவே ஆபரேட்டர் அறையைத் தீப்பிடிக்காத சுவர்களால் கட்டி, ஒளி செல்லும் சிறு சன்னல்களுக்கு இரும்பு மூடியிட்டு, மணல் வாளியும் தண்ணீர் வாளியும் வைத்தார்கள். பட்டாசு ஆலையின் தனித்தனி அறைகளையும் வாசல் வாளிகளையும் அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றியிருக்காது.

‘வெயில்’ படத்தின் மீது ஒரு மனத்தாங்கலும் உண்டு: முருகேசனின் துயரத்தின் மேல் அது காட்டும் அக்கறையை அவன் விரல்களின் மேல் காட்டவில்லை. கார்பன் முனைகளின் மேல் இன்னும் இரண்டு நிமிடம் கேமரா நின்றிருந்தால், அவன் இழந்தது எத்தகைய வித்தை என்பது துலங்கியிருக்கும். மண்டபமாகவும் கிடங்காகவும் தியேட்டர்கள் மாறுவதற்கு முன்பே அந்த வித்தை கலையத் தொடங்கிவிட்டது: செனான் விளக்கு வந்ததும் திருகைத் திருப்பும் வேலை போயிற்று, முழுப்படத்தையும் ஒரே பெருந்தட்டில் ஒட்டிச் சுற்றும் முறை வந்த இடங்களில் சேஞ்ச் ஓவர் போயிற்று, ‘வெயில்’ வெளிவந்த அதே காலகட்டத்தில் சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் ‘கியூப்’ போன்ற டிஜிட்டல் முறைகள் தமிழகத் தியேட்டர்களில் பரவத் தொடங்க, சில ஆண்டுகளில் சுருளே போயிற்று.