23 சதவீதம் என்பது எதன் வெற்றி?

குழந்தைகளின் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சிகிச்சையில் ஒரு முக்கியமான ஆய்வு, 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மருந்து லாமிவுடின். 2 முதல் 17 வயது வரை 286 பேர். 52 வாரம் கழித்து மருந்து சாப்பிட்டவர்களில் 23 சதவீதம் பேருக்குப் 'பலன்'. போலி மருந்து சாப்பிட்டவர்களில் 13 சதவீதம்.

முதல் எண்ணை மட்டும் படிச்சா, நாலில் ஒரு பிள்ளைக்குக் குணமாகிடுச்சுன்னு தோணும். இரண்டாவதையும் சேர்த்துப் படிங்க. மருந்தே இல்லாமல் 13 பேர். ஆக, மருந்து கூடுதலாகத் தந்தது நூற்றுக்குப் பத்து. அதே ஓராண்டில், மருந்து சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அந்த மருந்துக்கு மசியாத வைரஸ் வகை தலைகாட்டியது.

அடுத்து, 'பலன்' என்ற சொல். இங்கே அதன் பொருள், ரத்தத்தில் ஈ-ஆன்டிஜெனும் வைரஸ் டிஎன்ஏவும் தென்படாமல் போவது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் ஒளித்து வைக்கும் மூலப்பிரதியை இந்த மாத்திரைகள் தொடுவதில்லை. பெற்றோர் கேட்பது "குணமாகுமா டாக்டர்?" என்று. ஆய்வு பதில் சொன்னது வேறு கேள்விக்கு.

பிறகு வந்த என்டெகவிர், டெனோஃபோவிர் இரண்டும் மேலானவை. எதிர்ப்பு உருவாவது மிகக் குறைவு. ஆனாலும் கல்லீரல் நொதி உயராத பிள்ளைகளிடம் நிலைமை வேறு. 2019-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் 60 பேருக்கு என்டெகவிரும் பெக்இன்டர்ஃபெரானும் சேர்த்துக் கொடுத்தார்கள். சிகிச்சையின்போது வைரஸ் இறங்கியது, நிறுத்தியதும் ஏறிவிட்டது. நிறுத்தி 48 வாரம் கழித்து இலக்கை எட்டியவர்கள் 2 பேர். எனக்கு இந்த ஆய்வின் மேல்தான் மரியாதை அதிகம். மருந்தை நிறுத்திய பிறகு எண்ணினார்கள், தோல்வியை மறைக்கவில்லை.

என் குறை, இந்தப் பிள்ளைகளின் நிலைக்கு வைத்த பெயரில்: 'நோயெதிர்ப்புச் சகிப்பு'. உடம்பும் வைரஸும் சமாதானமாகப் போன மாதிரி ஒலிக்குது. "இப்போ மருந்து வேண்டாம்" என்பது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போவதற்குள் அது "ஒண்ணும் இல்லை" என்று மாறிவிடுகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு யாரும் வருவதில்லை. நொதி ஏறும் நாள் தெரியாமலே கடந்துபோகும்.

அதனால் இனி இந்த மாதிரி ஆய்வு எதைப் படித்தாலும் மூணு கேள்வி கேளுங்க: மருந்து சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆச்சு? எதைப் 'பலன்' என்கிறார்கள்? நிறுத்திய பிறகு எத்தனை பேரிடம் அது நிலைத்தது?