ஓடு சொல்வதும் சூளை சொல்வதும்

ஓரூரிற் பழைய மட்கலத் துண்டுகள் மிகுதியாகக் கிடைத்த மாத்திரத்தே, இடைக்காலத்தில் அங்கே கலத்தொழில் சிறந்திருந்தது என முடிவு கூறுதல் எளிது. அச்சுவேலி முதலிய வலிகாமத்து ஊர்களின் பழமையை எழுதப் புகுவோர் இம்முடிபை ஏற்குமுன் ஒன்றை வினாவுதல் வேண்டும். கிடைத்தது கலத்தைப் பயன்படுத்தியதற்குச் சான்றா, வனைந்ததற்குச் சான்றா?

இவ்விரண்டையும் மயங்க வைத்தலால் வரும் வழுவை அல்லைப்பிட்டி நன்கு விளக்கும். 1977இல் ஜோன் காஸ்வெல் அங்கே கண்ட சீனக் கலங்கள் வட சொங் அரசர் காலத்தன. 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளுக்குரியன. துண்டுகளின் தொகையை மட்டும் நோக்குவோர் அதனைக் கலத்தொழிலூர் என்றே கொள்வர். ஆயின் அவற்றை வனைந்தவர் சீனத்துக் குயவர். அல்லைப்பிட்டி அவை கடல்வழி வந்துசேர்ந்த இடம். அயலிலுள்ள ஊராத்துறைக்கு வரும் வணிகரைக் காக்குமாறு முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டும் இவ்வாணிகத்துக்குத் துணைச்சான்றாகும்.

வனைந்தமைக்குரிய சான்றுகள் வேறு. சூளையின் எரிந்த மண்ணும் சாம்பற்படையும், வெப்பத்தால் வளைந்தும் வெடித்தும் கழிக்கப்பட்ட கலங்களும், ஊர்மண்ணுக்கும் கலத்தின் மண்ணுக்குமுள்ள ஒப்புமையும் அவை. முற்காலத்துச் செய்தியொன்று இதனைத் தெளிவாக்கும். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர், அங்குக் கிடைத்த உருளிக்கோலக் கலங்களை மத்தியதரைக் கடல் நாடுகளினின்று வந்தவை என்றார். பின்னர் மண்ணை ஆய்ந்தோர் அவை இந்தியாவிலேயே ஆக்கப்பட்டவை எனக் காட்டினர். வடிவைக் கொண்டு கூறியதை மண் மறுத்தது.

எனினும், சூளை காணப்படாமையே தொழிலின்மைக்குச் சான்றாகிவிடாது. நம் நாட்டுக் குயவர் வைக்கோலும் விறகும் அடுக்கி வெளியிடத்தே கலஞ்சுடுவதும் உண்டு. அத்தகைய சூளையின் தடம் மழைக்கும் கலப்பைக்கும் விரைவில் அழியும். ஆராய்வோர் கண்ணோ பளபளக்கும் அயல்நாட்டுக் கலத்தையே முதலில் நாடுகின்றது. உலைப்பானையும் கள்ளுமுட்டியும் ஒதுக்கப்படுகின்றன. இதுவே பெருங்குறையென்பது எம் கருத்து. சீனக் கலம் வணிகரின் வரலாற்றைச் சொல்லும். நம் முன்னோர் ஆக்கியுண்ட வரலாற்றைக் கரிபடிந்த ஓடே சொல்லவல்லது.

ஆகவே, அச்சுவேலிச் செம்மண்ணிலே தோட்டங் கொத்துகையில் ஓடொன்று தென்படின், மாணவர் அதனைப் பெயர்த்தெடுத்து அலுமாரியில் வைத்தல் தகாது. கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, துறையறிந்தோர்க்கு அறிவித்தலே நன்று. இடமிழந்த ஓட்டைக் கொண்டு எதனையும் நிறுவ இயலாது. ஊர்ப்பெருமை பேசுதல் தவறன்று. அப்பெருமை சான்றின்மேல் நிற்றல் வேண்டும்.