மன்னார்க் கரையும் போர்க்கால எழுத்தும்

மன்னாரில் இராணுவம் நிலைகொண்ட கதையைக் கூறும் போர்க்கால எழுத்துகள் பெரும்பாலும் 1984 டிசம்பர் 4 ஆம் திகதிப் படுகொலையிலிருந்தே தொடங்குகின்றன. கண்ணிவெடிக்குப் பழியாக இராணுவம் பொதுமக்களைக் கொன்ற அந்நாள் மறக்கற்பாலதன்று. எனினும் அதனைத் தொடக்கமாகக் கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை.

தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வருவோரைத் தடுக்கவென 1952 இலேயே வடமேற்குக் கரைக்குப் படை அனுப்பப்பட்டது. 1963 இல் அது தனி அணியாக விரிந்து 1981 வரை நீடித்தது. அன்று வேட்டையாடப்பட்டோர் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். ‘கள்ளத்தோணி’ என்ற வசையைத் தமிழருட் பலரும் கூசாமலே வழங்கினர். மலையகத் தொழிலாளரையும் அச்சொல்லாலேயே இழித்தனர். 1984 இல் மன்னார் முதல் முல்லைத்தீவு வரை கடற்கண்காணிப்பு வலயம் பிரகடனமானபோது, அதே சந்தேகம் மீனவர்மீது திரும்பியது. தள்ளாடி இராணுவ முகாமை எழுதுவோர் இத்தொடர்ச்சியைக் காணாமை வர்க்கச் சார்பின் விளைவென்றே கருதுகின்றோம்.